துத்தி தெரியுமா, துத்தி? செங்கம் சாலையோரத்து மஞ்சள் அதிசயங்கள்!

திருவண்ணாமலை செங்கம் சாலை. அக்னி லிங்கம் தாண்டி, சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம் தாண்டி, ரமணாசிரமத்து மதிலையும் தாண்டி யம லிங்கத்தை நோக்கி நடக்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான கால்கள் பதியும் பாதை இது. அந்தப் பாதையோரத்தில், வேலிக்காத்தானுக்கும் காலி மனைக் குப்பைக்கும் நடுவே, இடுப்புயரத்தில் ஒரு செடி நிற்கிறது. இலை இதய வடிவம். பூ மஞ்சள். காய் சக்கரம். பெயர் துத்தி. நூற்றில் தொண்ணூறு பேர் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? துத்திப் பூ காலையில் மலராது! விடியற்காலையில் நடைக்குப் போகிறவருக்கு முறுக்கிக்கொண்ட மொட்டும், நேற்றைய பூவின் சுருங்கிய மிச்சமும்தான் கண்ணில் படும். வெயில் உச்சி தாண்டி, ஊர் உண்டு களைத்து, ஆசிரமத்து மயில்கள்கூட நிழல் தேடிப் போய்விட்ட பிறகு, பிற்பகல் சாயும் வேளையில்தான் இது இதழ் விரிக்கும். ஐந்து இதழ், இரண்டரை சென்டிமீட்டர் அகலம், மாம்பழ மஞ்சளில் லேசாக ஆரஞ்சு கலந்த நிறம். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். இரவு கிரிவலம் வரும் கூட்டத்துக்கு நிலா தெரியும், மலை தெரியும், மோர்ப்பந்தல் தெரியும். துத்திப் பூ தெரிய வழியே இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. துத்தியின் காலடியிலேயே அதன் சின்ன உறவுக்காரி ஒருத்தி வளர்கிறாள்: அரிவாள்மனைப் பூண்டு. அவளுக்கும் மஞ்சள் பூதான். ஆனால் அவள் காலையில் மலர்ந்து உச்சி வேளைக்குள் கடையைக் கட்டிவிடுவாள். பிறகு துத்தி திறக்கும். ஒரே தேனீக்கு முற்பகலில் ஒரு வீட்டில் விருந்து, பிற்பகலில் அடுத்த வீட்டில்! இப்படி நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் நாகரிகத்தை நம் ஆட்டோ ஸ்டாண்டுகளில்கூடப் பார்க்க முடியாது.

இலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தொடுங்கள், முள் கிடையாது. வெல்வெட்! அந்த மென்மை எங்கிருந்து வருகிறது தெரியுமா? இலை முழுக்க நுண்ணிய முடிகள். ஒரு கைலென்ஸை வைத்துப் பாருங்கள், மூச்சு நின்றுவிடும். முடி ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பியாக நிற்காமல் அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து நட்சத்திரமாக விரிந்திருக்கும். ஒரே இலையில் ஆயிரமாயிரம் நட்சத்திரங்கள்! தண்டில், காம்பில், புல்லிவட்டத்தில், காயில், எங்கும் அவைதான். தாவரவியலாளர்கள் ஒரு செடியைக் கையில் எடுத்ததும் ‘இது செம்பருத்திக் குடும்பமாக இருக்குமோ’ என்று சந்தேகப்பட முதல் தடயமே இந்த நட்சத்திர முடிதான்.

இரண்டாவது தடயம் பூவின் நடுவில் இருக்கிறது. செம்பருத்திப் பூவின் நடுவே நீளமாக ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்குமே, சின்ன வயதில் அதன் மகரந்தத்தை மூக்கில் தேய்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். துத்தியிலும் அதே குழல்தான், அளவு மட்டும் குட்டை. மகரந்தக் கம்பிகள் தனித்தனியே நிற்காமல் அடியில் ஒன்றாக இணைந்து ஒரு குழாயாகிவிடுகின்றன. அந்தக் குழாய்க்குள்ளே புகுந்து சூல்தண்டு மேலேறிப் பல கிளையாகப் பிரிகிறது. மகரந்தத் துகளோ மனிதக் கண்ணுக்கு வெறும் மஞ்சள் தூள். நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு நிற்கும். முள் எதற்கு என்று கேட்கிறீர்களா? வந்த பூச்சியின் ரோமத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் சவாரி போகத்தான்.

தேன் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம். பூவின் அடியில் கிண்ணம் போட்டு வைத்திருக்கும் என்று நினைத்தால் தவறு! செம்பருத்திக் குடும்பத்தில் தேன் சுரப்பது புல்லி இதழின் உட்புறத்திலுள்ள சுரப்பி முடிகள். அதாவது பூவின் மஞ்சள் இதழ்களுக்கும் வெளியே, பச்சை உறையின் உள்சுவரில்! தேனீ இதழ்களின் அடியிடுக்கில் நாக்கை நுழைத்துத்தான் அதை எட்ட வேண்டும். எட்டும் முயற்சியில் மகரந்தக் குழல் மேல் உரசாமல் இருக்க முடியாது. கூலி கொடுக்கும் முன்பே வேலை வாங்கிவிடும் சாமர்த்தியம்.

சரி, துத்தியையும் அதன் சாயலில் இருக்கும் மற்ற செடிகளையும் எப்படிப் பிரித்தறிவது? இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலையடிவாரத்தை ஒட்டிய புதர்நிலத்தில் சிற்றாமுட்டி, பேராமுட்டி, ஒட்டத்துத்தி, நிலத்துத்தி என்று சொந்தபந்தம் அத்தனையும் கூடி நிற்கும். செம்பருத்திப் பூவைத் திருப்பிப் பாருங்கள்: பச்சைப் புல்லிவட்டத்துக்குக் கீழே இன்னொரு குட்டிப் பச்சை வட்டம் இருக்கும். துத்தியில் அந்த இரண்டாவது வட்டம் கிடையவே கிடையாது. ஒற்றை உறைதான். அடுத்து, பூக்காம்பைக் கவனியுங்கள். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு மூட்டு இருக்கும், விரல் கணு மாதிரித் துல்லியமாக. ஒட்டத்துத்தியின் பூ இளஞ்சிவப்பு. அதன் காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். துத்திக்காய் ஒட்டாது.

துத்திக்காய்! இந்தச் செடியின் அதிசயங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். 15 முதல் 20 தனித்தனி அறைகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டையான சிறு பை. அவை வட்டமாக ஒன்றை ஒன்று ஒட்டி நின்று, மேலே தட்டையான ஒரு சக்கரமாக அமைகின்றன. எந்தத் தச்சரும் அளவெடுக்கவில்லை, எந்தக் கணித ஆசிரியரும் கோணம் குறிக்கவில்லை! பணியாரத் துத்தி என்று நம் ஊரில் இதை அழைப்பவர்கள் உண்டு. கர்நாடகத்தில் முத்திரைச் செடி என்கிறார்கள். காய்ந்த காயை மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால் பல் வைத்த வட்ட முத்திரை விழுகிறது. ரப்பர் ஸ்டாம்பு வாங்கப் பத்துப் பைசா செலவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைக் கொண்டு ‘கலெக்டர் ஆபீஸ்’ நடத்திய காலமும் இருந்தது.

பச்சையாக இருக்கும் காய் முற்றிக் கரும்பழுப்பாகும்போது ஒவ்வொரு அறையும் நுனியில் வாய் பிளக்கும். அறைக்குள் பெரும்பாலும் மூன்று விதை. இருபது அறை என்றால் ஒரு காய்க்கு அறுபது விதை வரை! செடியில் எத்தனை காய், சாலையோரத்தில் எத்தனை செடி என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் தண்டு ஆடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அப்படி விழுந்த விதை உடனே முளைத்துவிடுமா? விடாது! சிறுநீரக வடிவத்தில் இருக்கும் அந்த விதையின் தோல் தண்ணீர் புகாத கெட்டித் தோல். வெயிலும் மழையும் மண் உராய்வும் சேர்ந்து அதில் விரிசல் விழவைத்த பிறகுதான் ஈரம் உள்ளே போகும். ஒரே நாளில் உதிர்ந்த விதைகள் வெவ்வேறு மழைக்கு முளைக்கும். ஒரு வறட்சி வந்து முளைத்ததெல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் கையிருப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஏமாற்றும் என்கிற திருவண்ணாமலை மண்ணில், இதைவிடப் புத்திசாலித்தனமான சேமிப்புக் கணக்கு வேறு இருக்க முடியுமா?

இனி வருவதுதான் நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த செய்தி. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கொப்பரையில் எரிகிறதே மகாதீபம், அதன் திரி எதனால் ஆனது? ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத்துணி. காடாத்துணி என்றால் பருத்தி. பருத்தி எந்தக் குடும்பம்? துத்தியின் குடும்பமேதான்! பருத்திப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே ஐந்து இதழ், அதே மகரந்தக் குழல். அடிவாரத்தில் குப்பையோரம் நிற்கிறவளின் பங்காளி, உச்சியில் பதினொரு நாள் ஜோதியாக எரிகிறாள்!

இன்னும் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1. மதுரையிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த நாள். அய்யங்குளத்துக் கரையில் உடுத்தியிருந்த வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கௌபீனமாகக் கட்டிக்கொண்டு மற்றதை விட்டெறிந்தார். 1950 ஏப்ரல் 14 வரை, உலகம் அவரை ரமண மகரிஷி என்று கொண்டாடிய காலம் முழுவதும், அவருக்கு உடை என்று இருந்தது அந்த ஒரு முழப் பருத்திதான். எல்லாவற்றையும் துறந்தவரோடு கடைசி வரை இருந்தது இந்தக் குடும்பம்!

குடும்பம் எவ்வளவு பெரியது தெரியுமா? நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். வெண்டைக்காய் இதில் சேர்த்தி. புளிச்சகீரை சேர்த்தி. பூவரசு சேர்த்தி, அதன் பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலைக்குள் கருஞ்சிவப்பாக மாறுவதை ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். இலவம் பஞ்சும் இதில்தான். அதுமட்டுமா? மரபணு ஆய்வுகளைக் கொண்டு 1998-இல் வகைப்பாடு மாற்றி எழுதப்பட்டபோது, அதுவரை வேறு வேறு குடும்பமாக இருந்தவை எல்லாம் இதற்குள் வந்து சேர்ந்தன. விளைவு? அரிசி மூட்டைக்கான சாக்கு நெய்யும் சணல் துத்திக்கு உறவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிற மலேசியத் துரியன் பழம் உறவு. மன்னாரில் பெருக்கமரம் என்று ஈழத் தமிழர்கள் சொல்லும், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அந்த ஆப்பிரிக்க மரம் உறவு. கொக்கோவும் உறவு! ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கஃபேக்களில் வெளிநாட்டுப் பக்தர் சாக்லேட் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தச் சாக்லேட்டின் ஒன்றுவிட்ட சகோதரி வேலியோரம் பூத்திருப்பாள்.

துத்திக்கு உலகப் பெயர் வைத்தவர் யார்? ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ். 1756-இல் இதை ‘சைடா இண்டிகா’ என்று பதிவு செய்தார். இந்தியா பக்கமே வராத மனிதர்! 1826-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்வீட் இதை வேறு பேரினத்துக்கு மாற்ற, இன்றைய ‘அபுட்டிலான் இண்டிகம்’ ஆனது. நம் பக்கத்து நிலத்தில் எது எது எங்கெங்கே வளர்கிறது என்று ஊர் ஊராகச் சேகரித்துத் தொகுத்த பெருமை திருச்சி புனித வளனார் கல்லூரி ராபினாட் உலர்தாவரகத்தின் பாதிரியார் கே.எம். மேத்யூவுக்கு உரியது, 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதி இன்றும் மாணவர்களுக்கு வேதம்.

பெயர் வைப்பதில் லின்னேயஸ் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். துத்தியின் இன்னொரு உறவுக்காரச் செடி, அதுவும் மஞ்சள் பூதான், நம் சாலையோரங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். 1753-இல் அதற்குச் சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே சூட்டிவிட்டார்: ‘கோரமண்டலியானம்’. கேட்டால் நம் மண்ணின் மைந்தன் என்றுதானே தோன்றும்? அசல் ஊர் அமெரிக்கா! கப்பலேறி வந்த களை. வந்தேறிக்குச் சோழநாட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டார், இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை.

துத்தியோ அசல் கீழைநாட்டுக்காரி. இந்தியா முழுக்க, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று பழைய உலகின் வெப்ப நாடுகளில் இயல்பாக வளர்கிறது. பிறகு பசிபிக் தீவுகளுக்கும் அமெரிக்க வெப்ப நாடுகளுக்கும் போய்க் குடியேறியது. காடு வேண்டும், நிழல் வேண்டும் என்று அடம்பிடிக்காது. மண் கிளறப்பட்ட இடம், வெயில், அவ்வளவு போதும். இடிந்த சுவர், ரயில் பாதையோரம், வரப்பு, கோயில் நந்தவனத்தின் கவனிக்காத மூலை, புதிதாகப் போட்ட லேஅவுட். ரமணாசிரமப் பகுதியில் வயல்கள் மனைகளாக மாறிய வேகத்துக்கு எத்தனையோ செடிகள் காணாமல் போயிருக்கின்றன. மனை விற்று வீடு எழும்பும் வரை உள்ள இடைவெளியில் கொண்டாட்டம் நடத்துவது துத்திதான்.

ஆனால் எல்லா உறவுக்காரர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். பசிபிக்கில் பிட்கேர்ன் என்று ஒரு குட்டித் தீவு. அங்கு மட்டும் வளர்ந்த ஒரு துத்தி இனம் அழிந்தேவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2003-இல் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. உலகத்திலேயே ஒன்று! அதிலிருந்து கிளைத் துண்டுகள் எடுத்து வளர்த்தார்கள். 2005-இல் மண்சரிவு வந்து அந்தத் தாய்ச்செடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. வெட்டியெடுத்த துண்டுகளின் வாரிசுகள் தீவு நாற்றங்காலிலும், அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரித் தாவரவியல் தோட்டத்திலும் பிழைத்திருக்கின்றன. இரண்டே வருட இடைவெளி! நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்து மேற்குத்தொடர்ச்சி மலையில் ரானடே என்ற சேகரிப்பாளரின் பெயர் தாங்கிய ஒரு துத்தி உண்டு. 1894-இல் விவரிக்கப்பட்டது. மணி மாதிரித் தொங்கும் அழகிய பூ. அதுவும் அருகிக்கொண்டே வரும் இனம்தான்.

இதற்கு நேரெதிர்க் கதை சீனாவில். அங்கே ஒரு துத்தியை நாருக்காகவே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். கயிறு, சாக்கு எல்லாம் அதில்தான். 18-ஆம் நூற்றாண்டில் அதே ஆசையில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நார்த் தொழில் படுத்துவிட்டது, செடி படுக்கவில்லை! இன்று அங்கே மக்காச்சோள, சோயா விவசாயிகளின் பரம எதிரி அதுதான். நம் ஊர்த் துத்தித் தண்டிலும் நார் உண்டு. தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துக் கயிறு திரித்திருக்கிறார்கள். செடியின் தண்டை உடைக்க முயன்று, தோல் மட்டும் கையோடு நீளமாக உரிந்து வந்த அனுபவம் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கும்.

பூச்சி உலகத்துக்குத் துத்தி ஒரு சத்திரம். காய் முற்றும் காலத்தில் பாருங்கள்: சிவப்பும் கறுப்புமாகப் பூச்சிகள், இரண்டிரண்டாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னால் இழுக்க மற்றது பின்னால் நடக்கும்! சிவப்புப் பருத்திப் பூச்சிகள் அவை. விதையில் ஊசி போட்டுச் சாறு உறிஞ்சும். பருத்திக் காட்டில் இவை காயைத் துளைத்தால் பஞ்சில் கறை ஏறி விலை போகாது. வெண்டையையும் பருத்தியையும் வாட்டும் புள்ளிக் காய்ப்புழுவுக்கும் மாவுப்பூச்சிக்கும்கூடப் பயிர் இல்லாத மாதங்களில் துத்திதான் தங்குமிடம். வெண்டை போட்டவர் வரப்பில் துத்தியை விட்டுவைக்காதீர்கள் என்று வேளாண்மை அலுவலர்கள் படித்துப் படித்துச் சொல்வது அதனால்தான். அதேசமயம், எலுமிச்சை வசீகரன் என்ற அழகான பழுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடிப்போகும் செடிகளில் துத்தியின் உறவான நிலத்துத்தி வகையும் ஒன்று. வரப்பில் வேண்டாம், வேலியில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

துத்தி இலையைக் கசக்கினால் வழவழப்பு வரும். வெண்டைக்காயை நறுக்கும்போது வருமே, அதே சமாச்சாரம். ஐரோப்பாவில் மார்ஷ்மெல்லோ மிட்டாயை ஆதியில் செய்தது இந்தக் குடும்பத்து வேர் ஒன்றின் வழவழப்பிலிருந்துதான் என்றால் நம்புவீர்களா? நம் பாட்டிமார் மிட்டாய்க்குப் போகவில்லை, கூட்டுக்குப் போனார்கள். இளம் இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து வேகவைத்த துத்திக்கீரைக் கூட்டு மூலச்சூட்டுக்கு என்று வீடுகளில் செய்வது வழக்கம். சித்த மருத்துவத்தில் மூலநோய் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பச்சிலை இதுதான். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டுவதும் உண்டு. ஆயுர்வேதம் இதை ‘அதிபலா’ என்று மருந்துச் சரக்காக வைத்திருக்கிறது. ரத்தம் போவதற்கு மூலம் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், கூட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பார்க்க ஆசை வந்துவிட்டதா? ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மதியம் மூன்றரை நான்கு மணி வாக்கில் ரமணாசிரமத்திலிருந்து செங்கம் சாலையில் மேற்கே நடங்கள். மலைக்குள் நுழையத் தேவையே இல்லை. அது காப்புக்காடு, அனுமதியும் கிடையாது. பூவும் பிஞ்சும் முற்றிய சக்கரமும் ஒரே செடியில் ஒரே சமயத்தில் இருக்கும். ஒரு காய்ந்த காயைப் பறித்து அறைகளை எண்ணுங்கள். பக்கத்துச் செடியின் காயையும் எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை மாறும். கூட்டுக்கு இலை பறிப்பதாக இருந்தால் மட்டும் சாலையோரச் செடி வேண்டாம். பேருந்துப் புகையும் தூசியும் அந்த நட்சத்திர முடிகளில் அப்படியே படிந்திருக்கும், எத்தனை முறை அலசினாலும் லேசில் போகாது. நாலு முற்றிய விதையை எடுத்துப்போய், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தொட்டியில் ஊன்றுங்கள்.